டபுள் சாருக்கு ஸ்பேர் இல்லாத ஒண்ணு

ஆண்டவன் மனுசனப் படைக்கும்போதே ஸ்பேர் வச்சுத்தான் அனுப்பியிருக்கான்னு டபுள் சார் சொல்லுவாரு. கண்ணு ரெண்டு, காது ரெண்டு, கிட்னி ரெண்டு, மூக்குல ஓட்ட கூட ரெண்டு.

"அப்ப இருதயம் மட்டும் ஏன் சார் ஒண்ணு?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

கோப்பிக் கோப்பையக் கீழ வச்சாரு. கொஞ்ச நேரம் சீலிங்கப் பாத்தாரு. "அது டிசைன் பிழை, அக்கா"ன்னாரு. சிரிக்கல. கடவுளுக்கு ஒரு கம்ப்ளைண்ட் எழுதிப் போடலாமான்னு உண்மையாவே யோசிக்கிற மூஞ்சி.

"வயிறும் ஒண்ணுதான சார்."

"ஓம்"னு தலையாட்டுனாரு.

"அத ரெண்டாக்கச் சொல்லிராதீங்க. நம்ம மொதலாளி குடுக்குற சம்பளத்துக்கு ஒண்ணையே ரொப்ப முடியல."

பெர்ரி வந்து நிக்கிற வெல்ட் கீ கரையில கடலப் பாத்த மாதிரி ஒரு பழைய கட்டடம். மாடியில எங்க ஆபீஸ். பாயான் லெப்பாஸ் பேக்டரிங்கள்ல செய்யிற சாமானெல்லாம் கப்பல்லயும் பிளேன்லயும் ஏறணும்னா அதுக்கு ஒரு கட்டுப் பேப்பர் வேணும். அந்தப் பேப்பர அடிச்சுக் குடுக்குறதுதான் மொதலாளி யாவாரம். நான் அங்க கூட்டித் தொடச்சு, கோப்பி தேத்தண்ணி கலக்குற வேல. செல்வின்னு ஒரு கெராணி புள்ள, ஆபீஸ் கணக்கெழுதுற வேல. பத்து வெரலும் பத்து தெசையில ஓடும். அவளோட சேத்து ஆறு பேரு ஆறு கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து தட்டுவாங்க. அந்த ஆறுக்கும் தாய் மாதிரி ஒரு பெரிய மிஷின், ஏர்கோன் ரூம்ல தனியா இருக்கும். தாய் படுத்தா ஆறும் படுத்துரும். அந்தத் தாயப் பாத்துக்கத்தான் நம்மாளு.

யாழ்ப்பாணத்துக்காரரு. 'ஒண்ணு'ன்னு சொல்லமாட்டாரு, 'ஒண்டு'ம்பாரு. பேரு என்னமோ ஒண்ணு இருந்துச்சு. ஆனா வந்த மொத வாரமே ஆபீஸே சேந்து டபுள்னு வச்சிருச்சு. அப்புறம் சம்பளக் கவர்ல கூட டபுள்னு எழுதிட்டாங்க. நானும் மரியாதைக்கு ஒரு சார் சேத்து டபுள் சார்ன்னுதான் கூப்புடுவேன்.

கண்ணாடி ரெண்டு. ஒண்ணு மூக்கு மேல, ஒண்ணு சட்டப் பையில. பேனா ரெண்டு. சிலுவாருக்கு, அதான் கால்சட்டைக்கு, பெல்ட்டும் போட்டு, தோள் மேல வாரும் மாட்டியிருப்பாரு. பெல்ட் அறுந்தா வார் நிக்குமாம், வார் அறுந்தா பெல்ட் நிக்குமாம். ரெண்டும் அறுந்தா என்ன சார் செய்வீங்கன்னு கேட்டதுக்கு, "உள்ள ஒரு அரைக்கால் சிலுவார் இருக்கு, அக்கா"ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல. பொம்பள.

கடிகாரமும் கைக்கு ஒண்ணு.

"ரெண்டும் வேற வேற மணி காட்டுனா எத சார் நம்புவீங்க?"

பைக்குள்ள கைய விட்டு மூணாவதா ஒண்ண எடுத்தாரு.

தைப்பூசத்துக்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போனா ரெண்டு தேங்கா ஒடைப்பாரு. ஒண்ணு நேத்திக்கடனுக்கு, ஒண்ணு மொதல் தேங்கா அழுகியிருந்தா அதுக்கு. அதோட விடமாட்டாரு. புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயிலுக்கும் போயி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வருவாரு. ஏன் சார் ரெண்டு எடத்துக்கும்னா, "ஒரு லைன் எங்கேஜா இருந்தா மற்ற லைன் எடுக்கும்"பாரு.

எங்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? "அப்ப வீட்டுலயும் ரெண்டா சார்? பெரிய வீடு ஒண்ணு, சின்ன வீடு ஒண்ணு?"ன்னு செல்வி கேட்டுட்டா. அந்தப் புள்ளைக்கு வாய் நீளம். மனுசன் காது வரைக்கும் செவந்து போனாரு. "ஐயோ பிள்ளை, அந்த ஒண்டுக்கே என்ர பவர் காணாது"ன்னாரு.

கொடையும் ரெண்டு. ஒரு நாள் சாயந்தரம் வேல முடியிற நேரத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நம்மூரு மழ தெரியும்ல, கடலே எந்திரிச்சு மேல வந்துரும். "சார், அந்த ஸ்பேர் கொடைய குடுங்க, நாளைக்குத் தாரேன்"னேன்.

"ஸ்பேரக் கடன் குடுத்தா அது ஸ்பேர் இல்லை, அக்கா."

அடப்பாவி மனுசான்னு நெனச்சேன். ஆனா கூடவே எறங்கி வந்தாரு. ஒரு கொடைய விரிச்சு என் தலைக்கு மேல புடிச்சுகிட்டு பஸ் நிக்கிற எடம் வரைக்கும் நடந்தாரு. அவரு ஒடம்புல பாதி தொப்பலா நனஞ்சு போச்சு. பையில ரெண்டாவது கொட காஞ்சுகிட்டு இருக்கு. இந்த ஆள வையிறதா கும்புடுறதான்னு எனக்குத் தெரியல.

ஆனா மொத மூணு மாசம் அந்த ஆள நான் வஞ்சேன். வாயால இல்ல, வேலையால. அதுக்குக் காரணம் ஒரே ஒரு இங்கிலீஸ் வார்த்த.

எனக்கு இங்கிலீஸ் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவதோட நிறுத்துன ஆளு. ஆனா ஒரு வார்த்தைய மட்டும் எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிருவேன். ரிடண்டன்ட். ஆர்ல ஆரம்பிச்சு டீயில முடியும். எண்பதுகள்ல பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில வேல செஞ்சேன். ஒரு நாள் ஒரு வரிசைப் பொம்பளைங்க மொத்தப் பேருக்கும் கடுதாசி குடுத்தாங்க. அதுல அந்த வார்த்த இருந்துச்சு. என்னடி அர்த்தம்னு படிச்ச புள்ளைங்கள்ட்ட கேட்டோம். நாம தேவையில்லையாம்க்கா, மிச்சமாம்னு சொல்லி அழுதாளுங்க. அந்த வார்த்தையும் டீயில முடியிது, நானும் கடைசியில டீயிலதான் வந்து முடிஞ்சேன்.

சரி. டபுள் சார் புதுசா வந்திருந்தாரு. நான் மொதலாளி ரூமுக்கு தேத்தண்ணி கொண்டு போறேன். கதவத் தள்ளுறேன், அவரு கொரல் கேக்குது: "ரிடண்டன்ட் கட்டாயம் வேணும் மொதலாளி. ரெண்டு. அப்பத்தான் நட்டம் வராது."

 தேத்தண்ணியக் குடுக்காமயே திரும்பிட்டேன். ரெண்டு பேர நிப்பாட்டப் போறான். எந்த ரெண்டு? நானும் செல்வியும்தான். நான் படிக்கல, அவ வாய் நீளம்.

அன்னைக்கே சண்டைய ஆரம்பிச்சேன். அவரு கோப்பியில சீனிக்குப் பதிலா உப்பப் போட்டேன். ஒரு வாய் குடிச்சாரு, ஒண்ணும் சொல்லாம தள்ளி வச்சாரு, பையத் தொறந்தாரு, வீட்டுலேருந்து கொண்டாந்த பிளாஸ்க்க எடுத்து ஊத்திக் குடிச்சாரு. மேசையில இருந்த கண்ணாடிய ஒளிச்சு வச்சேன். சட்டப் பையிலேருந்து இன்னொண்ணு வந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவ தெரியாத மாதிரி தட்டி விட்டேன். "பரவாயில்லை அக்கா"ன்னு இன்னொரு டப்பாவத் தொறந்தாரு. அதே சோறு, அதே சொதி. எல்லாத்துக்கும் ஸ்பேர் வச்சிருக்குறவனப் பழி வாங்க முடியாதுங்க. நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்.

மூணாவது மாசம் என்னால முடியல. ஏர்கோன் ரூமுக்குள்ள போயி வெளக்குமாத்த ஊனிக்கிட்டு நேராவே கேட்டேன்.

"சார், அந்த ரெண்டு பேரு யாரு?"

"எந்த ரெண்டு?"

"ரிடண்டன்ட் ரெண்டு வேணும்னீங்கள்ல மொதலாளிகிட்ட. நானும் செல்வியும்தான? வேல போனா எங்க கதி என்னன்னு யோசிச்சீங்களா?"

மனுசன் வாயப் பொளந்துட்டாரு. அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போயி மிஷினுக்குப் பின்னாடி குனியச் சொன்னாரு. பாத்தா, செங்கல்லு மாதிரி ரெண்டு பெட்டி பக்கத்துல பக்கத்துல சொருகியிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன காத்தாடி, ஒரு பச்ச வெளக்கு. ரெண்டுலேருந்தும் தனித்தனி வயரு. ஒண்ணு எடது பக்கச் செவுத்துல போயி சொருகியிருக்கு, ஒண்ணு வலது பக்கச் செவுத்துல. யாரும் கால் பட்டுக் கழட்டிரக் கூடாதுன்னு பிளக்கு மேல கறுப்பு டேப்ப சுத்தோ சுத்துன்னு சுத்தி வச்சிருக்காரு.

"இதுக்குப் பேர் பவர் சப்ளை. மிஷினுக்குச் சோறு குடுக்கிற சாமான். எல்லா ஆபீசிலயும் ஒண்டுதான் இருக்கும். அது எரிஞ்சா மிஷின் நிண்டிடும், பேப்பர் நிண்டிடும், பிளேன் போயிடும். இதில ரெண்டு. ரெண்டும் பாதிப் பாதி சுமக்குது. ஒண்டு விழுந்தா மற்றது முழுசையும் தூக்கும். மிஷினுக்கே தெரியாது. இதைத்தான் ரிடண்டன்ட் எண்டு சொன்னனான்."

"அப்ப நிப்பாட்டுறது இல்லையா?"

"நிண்டு போகாம வச்சிருக்கிறது."

"அப்புறம் எதுக்கு சார் பேக்டரியில எங்கள அந்த வார்த்தையச் சொல்லி வெரட்டுனானுங்க?"

பிளக்கு மேல இருந்த டேப்ப ஒரு தடவ அமுக்கி விட்டாரு. "அந்த ஆக்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அக்கா"ன்னாரு.

அன்னைக்கு சாயந்தரம் அவரு கோப்பிக்கு ரெண்டு கரண்டி பால் கூடப் போட்டேன்.

மொதலாளியப் பத்திச் சொல்லணும். ராம்நாட்டுலேருந்து கப்பலேறி வந்து கையால கம்பெனி கட்டுன மனுசன். நல்லவருதான். ஆனா எது சும்மா இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஆளில்லாத ரூம்ல காத்தாடி ஓடுனா நெஞ்சப் புடிச்சுக்குவாரு. நாற்காலி காலியா இருந்தா அது மேல பைல தூக்கி வைப்பாரு. அப்பேர்ப்பட்டவருகிட்ட ரெண்டாவது பவர் சப்ளை கேட்டு வாங்குறதுக்கு டபுள் சார் எத்தன நாள் நடந்தாருன்னு ஆபீசுக்கே தெரியும். வாங்கிக் குடுத்த பெறகும் மொதலாளி அப்பப்ப ஏர்கோன் ரூமுக்கு வந்து எட்டிப் பாப்பாரு. "இதுல எது வேல செய்யிது, எது சும்மா இருக்கு?"

"ரெண்டும் வேலை செய்யுது மொதலாளி. பாதிப் பாதி."

"அப்ப ரெண்டும் பாதி நேரம் சும்மாதான இருக்கு!"



ஒரு நாள் உண்மையாவே ஒரு பெட்டி போச்சு. பல்லி ஒண்ணு உள்ள பூந்து வெந்துருச்சு. லேசா கருகுன நாத்தம், மிஷின் கீ கீன்னு கத்துது. டபுள் சார் ஓடுனாரு. பீரோவுல, நான் சொல்லணுமா, மூணாவது ஒண்ணு தயாரா இருக்கு. எரிஞ்சத உருவி, புதுச சொருகி, சத்தம் நின்னுருச்சு. நான் ஒரு தேத்தண்ணி ஆத்துற நேரம்தான். மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு. வெளியில செல்வி தட்டிக்கிட்டே இருக்கா.

அந்த எரிஞ்ச பெட்டிய பொறந்த புள்ளையத் தூக்குற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வெளிய வந்தாரு.

"செல்வி, இப்ப ஏதும் நிண்டதா?"

"இல்லையே சார்."

"அதுதான்!"

"எதுதான் சார்?"

"நிக்கேல்லை எல்லே!"

"ஆமா சார். நிக்கல." அவ தலையத் தூக்கல.

மொதலாளிகிட்ட காட்டப் போனாரு. மொதலாளி போன் பேசிக்கிட்டே அப்புறம் வாங்கன்னு கைய ஆட்டிட்டாரு. கடைசியில என்கிட்ட வந்தாரு. நான் பல்லியப் பாத்து "ஐயோ பாவம்"னேன். அவ்வளவுதான் அந்தப் பெரிய காரியத்துக்குக் கெடச்ச மரியாத.

இப்பிடியே ரெண்டு வருசம். பக்கத்து ஆபீசெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவ மிஷின் படுத்து, லோரியெல்லாம் வரிசையா நின்னு, ஒப்பாரி கேக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு நிமிசம் நிக்கல. நல்ல விசயம்தானன்னு நீங்க நெனைப்பீங்க. மொதலாளி அத வேற மாதிரி கணக்குப் போட்டாரு.

ஒரு வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி செல்வியக் கூப்புட்டு ஒரு கடுதாசி அடிக்கச் சொன்னாரு. அவ அடிச்சு எடுத்துகிட்டு நேரா என்கிட்ட, தண்ணி காய்ச்சுற எடத்துக்கு ஓடியாந்துட்டா. கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாதுன்னு மறந்துட்டு கையில குடுத்தா. நான் பாத்தேன். நடுவுல ஆர்ல ஆரம்பிச்சு டீயில முடியிற ஒண்ணு.

"யாருக்குடி?"

"டபுள் சாருக்கு. மாசக் கடைசியோட."

நான் மொதலாளிகிட்டயே போயிட்டேன். "மொதலாளி, அந்த மனுசன ஏன்?"

"இந்தாம்மா, நீயே சொல்லு. ரெண்டு வருசமா அந்த மிஷின் ஒரு நாளாவது நின்னுச்சா?"

"இல்ல."

"ஒரு நாளாவது அவரு ரிப்பேர் பாத்து நீ பாத்தியா?"

பல்லி கதைய சொல்ல வாயெடுத்தேன். அவரு விடல. "நிக்காத மிஷினுக்கு எதுக்கும்மா ஆளு? சும்மாதான ஒக்காந்திருக்காரு."

டபுள் சார் கடுதாசிய வாங்குனாரு, நாலா மடிச்சாரு, பையில வச்சாரு.  நான் கோப்பி கொண்டுட்டுப் போயி மெதுவா வாயக் கிண்டுனேன். "கவலப்படாதீங்க சார். உங்களத் தெரியாதா? எங்கயாவது ரெண்டாவது வேல ஒண்ணு எடுத்து வச்சிருப்பீங்கள்ல?"

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "அது வைக்கேல்லை, அக்கா."

"வைக்கலயா? நீங்களா?"

"மிஷின் நிக்காமப் பாத்தா வேலை நிக்காது எண்டு நினைச்சிட்டன்."

அம்பத்திரெண்டு வயசு. வீட்டுல பொஞ்சாதிகிட்ட இன்னும் சொல்லல. தெனம் காலையில அதே ரெண்டு டப்பாவும் வருது. 

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கு. ஒரு நாள் காலையில லீவு போட்டுட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரிக்கு வேல கேட்டுப் போனாரு. போறதுக்கு முன்னாடி, எப்பவும் போல, செவுத்துல ரெண்டு போன் நம்பர் எழுதி ஒட்டிட்டுப் போனாரு. ஒண்ணு அந்தப் பேக்டரி ஆபீசு, ஒண்ணு அங்க கேட்டுல காவல் இருக்குற ஜாகாக்காரன் நம்பரு. நிப்பாட்டிட்டாங்க, ஆனாலும் பாருங்க.

அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வேல செஞ்சுச்சு. ஒரு பெட்டி போனா மிஷின் நிக்காது, கத்தும். அதுதான? கத்தட்டும். டபுள் சார் இல்லாத நேரத்துல கத்தட்டும். மொதலாளி கொஞ்சம் வேர்க்கட்டும், ஆளோட அரும தெரியட்டும். யாருக்கும் நட்டமில்ல.

பத்து மணிக்கு வெளக்குமாத்தோட உள்ள போனேன். எடது பக்கத்து பிளக்குல டேப்ப உரிச்சேன். அந்த மனுசன் சுத்துன சுத்து இருக்கே, நகமே பேந்துரும் போல. உரிச்சு, புடுங்கிட்டேன்.

கீ கீ கீ.

மொதலாளி ஒரு கால்ல செருப்பில்லாம ஓடியாந்தாரு. "யா அல்லா! என்னம்மா இது கத்துது?"

"எனக்கென்ன தெரியும் மொதலாளி. டபுள் சாருக்குத்தான் தெரியும்."

"அவரு எங்க?"

"புக்கிட் தெங்கா."

மூஞ்சி வெளுத்துப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. அந்த நேரம் பாத்து செல்வி வெளியிலேருந்து கத்துறா, "மொதலாளி, இங்க எல்லாம் ஓடுதே! ஒண்ணும் நிக்கல!"

மொதலாளி அப்பிடியே நின்னாரு. ஒரு வெளிச்சம் வந்துச்சு மூஞ்சியில.

"ஓடுதா? ஒரு வயரு கழண்டு கெடக்கு, ஆனா ஓடுதா? பாத்தியாம்மா! நான் அப்பவே சொன்னேன்! ஒண்ணுலயே ஓடுது. ரெண்டாவது சும்மா!"

அலாமாக். நான் வெட்டுன குழியில டபுள் சாரத் தள்ளி மண்ணும் போட்டுட்டேன்.

"சத்தம் போடுதே மொதலாளி, எதுக்கோ அழுவுது பாருங்க"ன்னு இழுத்தேன்.

"சத்தம்தான? எங்கேருந்து வருதோ அதக் கழட்டுனா நின்னுட்டுப் போவுது." குனிஞ்சாரு. காத வச்சுக் கேட்டாரு. மிச்சமிருந்த அந்த வலது பக்கத்து வயரப் புடிச்சாரு.

"அதத் தொடாதீங்க மொதலாளி." சத்தியமாச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவரு டேப்போட சேத்து ஒரே இழுவ.

சத்தம் நின்னுருச்சு. காத்தாடிச் சத்தமும் நின்னுருச்சு. பச்ச வெளக்கும் போச்சு.

"பாத்தியா, எவ்வளவு அமைதி"ன்னு என்னையப் பாத்து சிரிச்சாரு.

வெளியில ஆறு பேரு ஒரே நேரத்துல அலறுனாங்க.

அடிச்சுப் புடிச்சு ரெண்டு வயரையும் திரும்பச் சொருகுனாரு. மிஷின் எந்திரிச்சுச்சு. எந்திரிச்சு, சும்மா இல்லாம, கறுப்புத் திரையில இங்கிலீஸ்ல என்னமோ ஒரு கேள்வி கேட்டுட்டு கண்ணச் சிமிட்டுது. செல்வி படிச்சுப் பாத்துட்டு, "மொதலாளி, இருக்குறதச் சரி பண்ணவா அழிச்சுறவான்னு கேக்குற மாதிரி இருக்கு. ஒய் அடிக்கவா, என் அடிக்கவா?"

"நீ என்ன நெனைக்கிற?"

"எனக்கு அழுகையா வருது மொதலாளி."

"யாரும் தொடாதீங்க! மூச்சு கூட விடாதீங்க!" மிஷின் முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு நின்னுட்டாரு, கோழிக்குஞ்ச மறைக்கிற மாதிரி.

அஞ்சு மணி பிளேனுக்கு ஏத்த வேண்டிய சாமான் பாயான் லெப்பாஸ்ல லோரியோட நிக்குது. பேப்பர் இல்லாம கேட்டத் தாண்டாது. போன் அடிக்குது, வைக்குறாங்க, அடிக்குது. மொதலாளி ஒவ்வொரு போனுக்கும் "செக்கேஜாப் லா, செக்கேஜாப்"னு மலாய்ல ஒரு நிமிசம் கேக்குறாரு. நாலாவது தடவ அந்தப் பக்கத்து ஆளு, உன் செக்கேஜாப் எத்தன மணி நேரம்னு கேட்டானாம். பெரிய பேக்டரி. அன்னைக்கு விட்டா அந்த வாடிக்க போச்சு.

பன்னெண்டு மணி வாக்குலதான் ஞாபகம் வந்து செல்வி செவுத்துல இருந்த மொத நம்பருக்கு அடிச்சா, எங்கேஜ். ரெண்டாவது நம்பர ஜாகாக்காரன் எடுத்தான். "கண்ணாடி போட்டு, கையில ரெண்டு கடிகாரமா? இப்பத்தான் உள்ள போறாரு"ன்னான்.

மனுசன் வேல கேக்கப் போன எடத்துல ஒக்காராமயே திரும்பிட்டாரு. டெக்சி புடிச்சு, பெர்ரி ஏறி, மாடிப்படி ஏறி வரும்போது மணி ரெண்டாகப் போவுது. திரையப் பாத்தாரு, ஒரு எழுத்தத் தட்டுனாரு. அந்த எழுத்து எதுன்னு மொதலாளி எக்கி எக்கிப் பாத்தாரு, கை மறைச்சிருச்சு. அப்புறம் பீரோவத் தொறந்து, முந்தின நாள் வரைக்கும் உள்ள கணக்க நகல் எடுத்து வச்சிருந்த கேசட்ட எடுத்துப் போட்டாரு. காலையில அடிச்சத மட்டும் புள்ளைங்க திரும்ப அடிச்சாங்க. மூணே முக்காலுக்கு பேப்பர் வந்துச்சு. மோட்டார்சைக்கிள்ல பறந்து போயிக் குடுத்தாங்க. பிளேன் கதவச் சாத்துறதுக்கு முன்னாடி சாமான் ஏறிருச்சு.

பெறகுதான் டபுள் சார் மிஷினுக்குப் பின்னாடி குனிஞ்சாரு. "ரெண்டு வயரும் ஒண்டாக் கழண்டது எப்பிடி?"

மொதலாளி தொண்டையக் கனைச்சாரு. "ஒண்ணு தானா வுழுந்துச்சு."

"மற்றது?"

"அது... மொதப் போனதத் தேடிக்கிட்டுப் போயிருக்கும்."

"நானும் பாத்தேன் சார். போச்சு"ன்னேன் நான்.

டபுள் சார் என் கையப் பாத்தாரு. டேப் பசையில தூசி ஒட்டி பத்து வெரலும் கறுப்பு. நான் கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டேன். "மண்ணெண்ணை போட்டுத் துடைச்சாப் போயிடும், அக்கா"ன்னாரு, சன்னமா. அதப் பத்தி அதுக்கு மேல ஒரு வார்த்த, அவரு சாகுற வரைக்கும், அவரும் பேசல, நானும் பேசல.

மொதலாளி கைய நீட்டுனாரு. "அந்தக் கடுதாசியக் குடுங்க."

குடுத்தாரு. மொதலாளி நாலாக் கிழிச்சுக் குப்பையில போட்டாரு. டபுள் சார் பைக்குள்ள கைய விட்டு இன்னொண்ண எடுத்தாரு. "இது போட்டோஸ்டாட் காப்பி. இதையும் கிழியுங்கோ."

தன்னை வேலைய விட்டுத் தூக்குன கடுதாசிக்கும் ஸ்பேர் வச்சிருந்த மனுசன இந்த ஒலகத்துல நீங்க பாத்திருக்கீங்களா?

அத்தோட முடிஞ்சிருந்தா நல்லது. மொதலாளிக்கு இப்ப புதுசா ஒரு பயம் புடிச்சிருச்சு. "எல்லாஞ் சரி. ஆனா நீங்க இன்னைக்கு மாதிரி கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டா? உங்களுக்குக் காச்ச வந்துட்டா? மிஷினுக்கு ரெண்டு வச்சீங்க. உங்களுக்கு ரெண்டாவது எங்க?"

டபுள் சார் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. "எனக்கா? எனக்கு எதுக்கு மொதலாளி?"

"ஒண்ணு வுழுந்தா ஒண்ணு தூக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது மிஷினுக்கு..."

மொதலாளி சுத்துமுத்தும் பாத்தாரு. நான் வெளக்குமாத்தப் புடிச்சுகிட்டு வேடிக்க பாத்துகிட்டு நிக்கிறேன். "இந்தாம்மா, நீ சும்மாதான நிக்கிற? கத்துக்க!"

அப்பிடித்தான் நான் ரிடண்டன்ட் ஆனேன், ரெண்டாவது தடவையா. இந்தத் தடவ சம்பளத்துல அஞ்சு வெள்ளி கூட்டிக் குடுத்து.

காலையில மிஷின எழுப்புறதுக்கு எட்டுப் படி. ரெண்டு பச்ச வெளக்கும் எரியிதான்னு பாக்குறதுலேருந்து ஆரம்பிக்கும். மொத அஞ்சு படியையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுத்தாரு. ஆறாவதக் கேட்டா, "நாளைக்குச் சொல்லுறன், அக்கா." மறுநாளும் நாளைக்கு. ஸ்பேருங்குறது ஒரிஜினலுக்குச் சமமா இருக்கணும்னு ரெண்டு வருசமா எங்க காதத் திருகுன மனுசன், ஆறாவது படியில மூணு வாரம் ஒக்காந்துட்டாரு. நான் அவசரப்படல. அவரு மிஷின எழுப்பும்போது மேசையத் தொடைக்கிற மாதிரி பக்கத்துலயே நின்னு, வெரல் எங்க போவுதுன்னு பாத்து வச்சுக்கிட்டேன்.

லீவே எடுக்கமாட்டேன்னு ஆயிட்டாரு. சளி, இருமல், கண்ணு செவந்து வந்து ஒக்காந்திருப்பாரு. போயிப் படுங்க சார்ன்னா என்னைய ஒரு மாதிரி பாப்பாரு. கடைசியில ஒரு நாள் ஒடம்பு கேக்கல, எந்திரிக்கவே முடியாம காச்ச. பொஞ்சாதி போன் பண்ணிச் சொல்லிருச்சு. நான் கையக் கழுவிட்டு, சாமியக் கும்புட்டுட்டு உள்ள போனேன். எட்டுப் படி. மிஷின் எந்திரிச்சுச்சு. ஆறு பேரும் தட்ட ஆரம்பிச்சாங்க, யாரும் தலையத் தூக்கல.

பத்து மணிக்குப் போனு.

"அக்கா, ஓடுதா?" பேச முடியாம பேசுறாரு.

"ஓடுது சார்."

அந்தப் பக்கம் இருமுனாரு.

"அலாரம் ஏதும் அடிச்சதா?"

"இல்ல சார்."

"ஒருக்காக் கூட நிக்கேல்லையோ?"

அந்தக் கொரலக் கேட்டு எனக்கு என்னமோ பண்ணிருச்சு. பக்கத்துல செல்வி, நல்லா ஓடுதுன்னு சொல்லுக்கான்னு கைய ஆட்டுறா. நான் அவளுக்கு முதுகக் காட்டித் திரும்பிக்கிட்டு ரிசீவர வாய்க்குக் கிட்ட வச்சேன்.

"காச்சக்கார மனுசன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பாத்தேன் சார். காலையிலேருந்து ரெண்டு தடவ நின்னுருச்சு. ஒய்யிங்குது, என்னுங்குது. லோரியெல்லாம் நிக்குது. மொதலாளி தலையில கைய வச்சுகிட்டு ஒக்காந்திருக்காரு. நீங்க இல்லாம முடியாது சார்."

"ஐயோ கடவுளே! ஒண்டையும் தொடாதேங்கோ, நான் நாளைக்கு வெள்ளெனவே வாறன்"ன்னாரு.

அவ்வளவு சந்தோசமா ஒரு மனுசன் ஐயோ சொல்லி நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.